பிக்கப் வண்டியில் கிளட்ச் கோளாறு: கியர் பாக்ஸை இறக்கலாமா, வேண்டாமா?

கிளட்ச் வேலையில் கூலியின் பெரும்பகுதி கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கே போகிறது. அதனால் பணம் இரண்டு விதத்தில் வீணாகும். வெளியே ஒரு சிலிண்டரில் வாஷர் (ரப்பர் சீல்) போயிருக்கும், அதைப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கிவிடுவார்கள். அல்லது இறக்கியாகிவிட்டது, பிளேட்டை மட்டும் மாற்றி ஏற்றுவார்கள். சில மாதத்தில் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்) கத்தும், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். வெளியே சோதிப்பதில் அவசரம் கூடாது, உள்ளே போனபின் கஞ்சத்தனம் கூடாது. இந்த வழிமுறை முழுக்க அதை வைத்தே எழுதப்பட்டது.

இங்கே சொல்வது பொலிரோ பிக்கப், யோதா போன்ற வண்டிகளுக்கு: என்ஜின் முன்னால் நீளவாக்கில், அதன் பின்னே கியர் பாக்ஸ், அங்கிருந்து ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்கு. ஒற்றை உலர் பிளேட், அதை ஃப்ளைவீலோடு (என்ஜின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் டயஃப்ரம் வகை பிரஷர் பிளேட். பெடலிலிருந்து ஆயில் மூலம் இயங்கும் வண்டிகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம்: பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். கேபிள் வண்டிக்கு வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறது. அளவுகள் பொதுவானவை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: என்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை

இது ஸ்லிப். லோடுடன் மேடு ஏறும்போதுதான் முதலில் தெரியும். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதியுங்கள். என்ஜின் சுற்று சட்டென்று ஏறி, வேகம் அதே இடத்தில் நின்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சுற்றும் ஏறவில்லை, வண்டியும் இழுக்கவில்லை என்றால் கிளட்சைத் தொட வேண்டாம். டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ், ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கிளட்ச் செட் மாற்றியவர்கள் உண்டு.

நிறுத்தியபடி சோதிக்க: சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்த ஆள் வசதி இருந்தால் அழுத்தி, நான்காவது கியர் போட்டு 1500 சுற்று கொடுத்து பெடலை விடுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் உடனே நின்றுவிட்டால் பிடிப்பு இருக்கிறது. இழுத்துக்கொண்டே ஓடினால் போய்விட்டது. ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஃபேசிங் (பிளேட்டின் உராயும் பரப்பு) எரிகிறது.

ஸ்லிப் என்றாலே பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளட்ச் முழுதாகத் திரும்பி உட்காரவில்லை என்றாலும் இதே அறிகுறிதான். கியர் பாக்ஸை இறக்கும் முன் இந்த ஒரு சோதனையை யாரும் விடக் கூடாது: ஸ்லிப் ஆகும் நிலையில் வண்டியை நிறுத்தி, ஸ்லேவ் சிலிண்டரின் ஏர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து விடுங்கள். ஆயில் பீய்ச்சி, ஃபோர்க் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் கவை) பின்னுக்கு நகர்ந்து, அதன்பின் நிப்பிளை மூடி ஓட்டிப் பார்க்கையில் ஸ்லிப் போயிருந்தால் லைனில் அழுத்தம் தேங்கியிருந்தது என்று பொருள். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடை யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள். அதனால் பிஸ்டன் முழுதாகப் பின்வராமல், ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கும். அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் ஊதி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் பிடிக்கும். ஹோஸ் மாற்றுவதும் புஷ் ராடு அட்ஜஸ்ட் செய்வதும் ஒரு மணி நேர வேலை.

பெடலைக் கையால் அழுத்தினால் மிதிப்பின் தொடக்கத்தில் லேசாக நகரும் ஃப்ரீ பிளே ஆயில் வண்டியில் சுமார் 5 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். கேபிள் வண்டியில் இன்னும் கூடுதல், 15 முதல் 30 மி.மீ. வரை. கேபிள் வண்டியில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அட்ஜஸ்டரில் நட்டைத் தளர்த்தினால் ஸ்லிப் நின்றுவிடும், அதுவரை பிளேட் எரியாமல் இருந்தால். அட்ஜஸ்டர் கடைசி மரை வரை போய்விட்டதென்றால் பிளேட் முடிந்தது.

ஆயில் தொட்டியின் மட்டமும் ஒரு சேதி சொல்லும். பிரேக்கில் பேட் தேய்ந்தால் ஆயில் மட்டம் இறங்கும். கிளட்சில் அதற்கு நேர்மாறு. பிளேட் தேயும்போது டயஃப்ரம் ஃபிங்கர்கள் வெளியே தள்ளி ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே அழுத்தும், ஆயில் மட்டம் லேசாக ஏறும். ஆகவே கிளட்ச் தொட்டியில் ஆயில் குறைகிறது என்றால் தேய்மானம் என்று சமாதானம் சொல்ல இடமே இல்லை. எங்கோ ஒழுகுகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்து, ஸ்லிப்பும் எரிந்த வாடையும் இருந்தால் கியர் பாக்ஸை இறக்குவதைத் தவிர வழியில்லை. தள்ளிப்போட வேண்டாம். ஸ்லிப்புடன் லோடு அடித்தால் ரிவெட் தலைகள் ஃப்ளைவீலைக் கீறும். பிளேட்டோடு போக வேண்டிய செலவில் ஃப்ளைவீலும் சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி 2: கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் கரகரக்கிறது

கிளட்ச் கட் ஆகவில்லை என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். என்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வழவழவென்று விழும், ஸ்டார்ட் செய்தால் விழாது. இது கிளட்சின் கோளாறு. என்ஜின் நின்றிருந்தாலும் கியர் விழவில்லை என்றால் கியர் லீவர், ஷிஃப்டர் புஷ், கியர் பாக்ஸ் இவற்றைப் பாருங்கள்.

ரிவர்ஸ் சோதனை: நியூட்ரலில் ஐடிலிங் ஓடவிட்டு, பெடலைத் தரை வரை மிதித்து 5 வினாடி பொறுத்து, ரிவர்ஸை மெதுவாகப் போடுங்கள். பெரும்பாலான பிக்கப்புகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்படுத்தும் வளையம்) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் நன்றாகவே கட் ஆகிறது. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓட்டத்தில் இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் கரகரத்தால் தேய்ந்தது சிங்க்ரோ ரிங். கிளட்ச் மாற்றினால் அது தீராது.

ரிவர்ஸ் கரகரத்ததா? பெடலை மூன்று நான்கு தடவை வேகமாக அடித்துவிட்டு மறுபடி போடுங்கள். இப்போது விழுந்தால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாஷர் ஆயிலைப் பின்னால் விடுகிறது. பெடலை மிதித்துப் பிடித்தபடியே இருந்தால் கியர் போட்ட வண்டி மெல்ல நகரத் தொடங்குகிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் வாஷர்தான்.

இனிக் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஒருவரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். ராடு எத்தனை மி.மீ. நகர்கிறது? ஒரு செ.மீ.க்கும் குறைவு என்றால் கோளாறு வெளியேதான். கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். மேனுவல் சொல்லும் அளவு முழுதும் நகர்ந்து, அப்படியும் கட் ஆகவில்லை என்றால்தான் கோளாறு உள்ளே.

வெளிக் கோளாறைத் தேடும் வரிசை இது. ஸ்லேவின் ரப்பர் மூடியை விரலால் தூக்குங்கள், உள்ளே ஈரம் இருந்தால் வாஷர் போயிற்று. பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் மாஸ்டர் சிலிண்டரின் ராடு நுழையும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள், மிதியடி நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின். அந்தத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து ராடில் 2 மி.மீ. ஆட்டம் வந்தால், நெம்புகோல் விகிதத்தால் காலடியில் 10 மி.மீ.க்கு மேல் மிதிப்பு வீணாகும். கடைசியாக, ஒருவர் மிதிக்கும்போது பானட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். சிலிண்டரோடு சேர்ந்து தகடும் முன்னே வளைந்தால் பெடல் பிராக்கெட்டில் விரிசல் இருக்கும். வெல்டிங் வேலை, கிளட்ச் வேலை இல்லை.

சிலிண்டரைப் பிரித்தால், உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குத் துருக்குழி இருந்தால் வாஷர் கிட் போட்டுப் பயனில்லை, புது சிலிண்டர்தான். ஒன்று போன வண்டியில் மற்றதும் அதே வயதுதான் என்பதால், வேலைக்கு ஓடும் வண்டிக்கு இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

ஏர் எடுப்பது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, எளிதுதான், பொறுமை வேண்டும். அரை லிட்டர் புது ஆயில், தொட்டி மூடியில் போட்டிருக்கும் தரத்தில், டாட் 3 அல்லது டாட் 4. திறந்து மாதக் கணக்கில் வைத்த டப்பா வேண்டாம், அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். என்ஜின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் வாஷரெல்லாம் உப்பி முழு லைனையும் மாற்ற வைக்கும். நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க விடுங்கள். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து, குமிழி போனதும் மூடி, பிறகுதான் ‘விடு’ என்று குரல் கொடுக்க வேண்டும். மூடும் முன்னே பெடலை விட்டால் போன காற்று திரும்ப வரும். ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை தொட்டியை நிரப்புங்கள். நிப்பிள் மேல்முகமாக இல்லாத சில ஸ்லேவ்களில் காற்று உள்ளேயே தங்கும். அப்போது ஸ்லேவைக் கழற்றி, பிஸ்டனை உள்ளே அழுத்திக் கட்டி, நிப்பிள் மேலே வரும்படி சாய்த்துப் பிடித்து எடுக்க வேண்டும். பெயின்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

மழையில் நனைந்தோ வெள்ளத்தில் நின்றோ பல நாள் ஓடாத வண்டி என்றால் பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கலாம். ராடு முழுதாக நகரும், ஆனால் துளிகூட கட் ஆகாது. என்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, ஆளில்லாத திறந்தவெளியில், இரண்டாவது கியரில் வைத்து, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். பெரும்பாலும் டப் என்று விட்டுவிடும். விட்டபின் சத்தமோ ஆட்டமோ இல்லையென்றால் அப்படியே ஓட்டலாம்.

அறிகுறி 3: சத்தம்

சத்தம் எப்போது வருகிறது என்பதே விடை. நியூட்ரலில் ஐடிலிங் விட்டுக் கவனியுங்கள்.

பெடலை மிதித்ததும் வந்து, விட்டதும் போகும் கீச் அல்லது உர்ர் சத்தம் ரிலீஸ் பேரிங். கால் வைத்த மாத்திரத்தில், பெடல் கொஞ்சம் இறங்கும்போதே வரும். இதற்கு மாறாக, பெடலை விட்டிருக்கும்போது சத்தம், மிதித்தால் அமைதி என்றால் அது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் அந்த ஷாஃப்ட் நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கிளட்ச் செட்டை மாற்றினால் வண்டி அதே சத்தத்தோடு பட்டறையை விட்டுப் போகும்.

கியர் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, வண்டி நிற்கும்போது மட்டும் வரும் சத்தம் பைலட் பேரிங், கிராங்க் முனையில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது. கிராங்க் சுற்றி, இன்புட் ஷாஃப்ட் நிற்கும் அந்த ஒரு நிலையில்தான் அந்தச் சிறு பேரிங்குக்கு வேலை. என்ஜினை அணைக்கும் நொடியில் கடகடவென்று உதறினால், இரட்டை நிறை ஃப்ளைவீல் உள்ள புது டீசல்களில் அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். சாதாரண ஃப்ளைவீல் உள்ள வண்டியில் பிளேட்டின் டேம்பர் ஸ்பிரிங் உடைந்திருக்க வாய்ப்பு உண்டு.

ரிலீஸ் பேரிங் சத்தத்தோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டால், லேசான கீச்சுக்குச் சில வாரம் தாங்கும். உராயும் சத்தமாக மாறிவிட்டால் ஒரு நாள்கூட வேண்டாம். பேரிங் இறுகினால் டயஃப்ரம் ஃபிங்கர்களை அறுத்துவிடும்.

அறிகுறி 4: எடுக்கும்போது வண்டி உதறுகிறது

பெடலை விடும்போது முன்னும் பின்னும் குலுங்கினால் முதலில் கீழே புகுந்து என்ஜின் மவுன்ட், கியர் பாக்ஸ் மவுன்ட் ரப்பர்களைப் பாருங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்சைப் பாதி விட, என்ஜின் ஒரு பக்கம் தூக்கினால் ரப்பர் கிழிந்திருக்கிறது. அடுத்து ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் யு.ஜே. கிராஸ், நடுவில் உள்ள சென்டர் பேரிங் ரப்பர், பின் ஆக்சிலைப் பட்டையோடு பிடிக்கும் யு போல்ட்கள். அதிக லோடு அடிக்கும் பிக்கப்பில் இந்த யு போல்ட் தளர்வது சகஜம். இவை எதற்கும் கியர் பாக்ஸ் இறங்க வேண்டியதில்லை.

இவை நன்றாக இருந்தால் ஃபேசிங்கில் ஆயில் பட்டிருக்கலாம், அல்லது ஃப்ளைவீலில் சூட்டுத் திட்டுகள் விழுந்திருக்கலாம். பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் சிறு துளை இருக்கும், அங்கே விரல் வைத்துப் பாருங்கள். கறுப்பாக வந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீல். கந்தக நாற்றத்தோடு பிசுபிசுவென்றிருந்தால் கியர் ஆயில், இன்புட் ஷாஃப்ட் சீல் போயிருக்கும். மெலிதாக, தண்ணீர் விட்டதும் கரைந்துபோனால் கிளட்ச் ஆயில். ஸ்லேவ் சிலிண்டரே ஹவுசிங்குக்குள் ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்திருக்கும் மாடல்களில் இப்படி வரும். அந்த அமைப்பில் ஒழுக்குக்கு வேறு வழியே இல்லை, கியர் பாக்ஸ் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆயில் குடித்த ஃபேசிங்கை பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டிப் போடுவதை நம்பாதீர்கள். சூடேறியதும் உள்ளே ஊறியது வெளியே வரும்.

அறிகுறி 5: வண்டி நகரவே இல்லை

கியர் விழுகிறது, கிளட்சை விட்டால் என்ஜினும் நிற்கவில்லை, வண்டியும் நகரவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக்கில் கால் வைத்தபடி இருக்க, எட்ட நின்று ப்ராப்பெல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். அது சுற்றினால் கோளாறு பின்னால்: ஆக்சில் ஷாஃப்ட் அல்லது டிஃபரன்ஷியல். சுற்றவில்லை என்றால் கிளட்ச் அல்லது கியர் பாக்ஸ். முன்னால் ஸ்லிப்போ எரிந்த வாடையோ இல்லாமல் ஒரே அடியில் போனதென்றால் பிளேட்டின் ஹப் ஸ்ப்ளைன் (நடுத்துளையில் ஷாஃப்டைப் பிடிக்கும் பற்கள்) வழித்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஹப் பிய்ந்திருக்கலாம்.

இறக்குவது என்று முடிவானால் என்ன வாங்குவது

பிளேட் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எங்கள் பதில் போதாது என்பதுதான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே தயாரிப்பாளரின் செட்டாக வேண்டும். கூடவே பைலட் பேரிங், இன்புட் ஷாஃப்ட் ஆயில் சீல், கிராங்க் பின்பக்க ஆயில் சீல், ரிலீஸ் பேரிங்கின் கிளிப், ஃபோர்க் பிவட். பிரஷர் பிளேட் போல்ட்களும் துரு ஏறியிருந்தால் புதிது. கியர் ஆயில் மேனுவல் சொல்லும் தரத்தில். சீலும் பைலட் பேரிங்கும் சேர்ந்து செட் விலையில் சிறு பங்குதான். அவற்றை மிச்சம் பிடித்து ஒரு சீல் ஒழுகினால் புதுப் பிளேட்டும் போகும், கூலியும் இரண்டாவது முறை போகும்.

ஒரே வண்டிப் பெயரில் பல ஆண்டு மாடல்கள் வந்திருப்பதால் பிளேட்டின் விட்டமும் ஸ்ப்ளைன் பல் எண்ணிக்கையும் மாறும். சேஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் விட்டம், பல், ஹப் உயரம் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். வேலியோ, ஓசூரில் ஆலை உள்ள லூக், எக்ஸிடி போன்ற பெயர்களில் போலிகளும் சந்தையில் சுற்றுவதால் பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய உதிரி கிடைக்கும். ஃப்ளைவீல், பெல் ஹவுசிங், ஃபோர்க் போன்றவற்றை அங்கே பார்த்து வாங்கலாம். பழைய பிரஷர் பிளேட்டும் பழைய பேரிங்கும் வாங்கக் கூடாது. பழைய பிளேட்டில் புது ஃபேசிங் ரிவெட் அடிப்பதும் பிக்கப்புக்கு வேண்டாத வேலை. டேம்பர் ஸ்பிரிங்கும் ஹப்பும் பழையதாகவே இருக்கும்.

ஃப்ளைவீலைப் பொறுத்தவரை, நீலத் திட்டுகள், நகம் தட்டும் கோடுகள், மெல்லிய வெடிப்புகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமான வெடிப்பு, அல்லது போல்ட் துளையை நோக்கிப் போகும் வெடிப்பு என்றால் தூக்கிப் போட வேண்டும். நீலத் திட்டுள்ள ஃப்ளைவீலை லேத்தில் வெட்டக் கொடுக்காதீர்கள். அந்தத் திட்டுகள் கடினமாகி இருக்கும், லேத் உளி அங்கே ஏறி இறங்கி மேடு விட்டுவிடும். சர்ஃபேஸ் கிரைண்டிங்தான் சரி. பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு உராயும் முகத்தைவிட உயரமாகவோ தாழ்வாகவோ இருக்கும் படி வகை என்றால், முகத்தில் எவ்வளவு எடுக்கிறீர்களோ அதே அளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் முகத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள், புது செட் போட்டும் பிடிப்பு வராது. இரட்டை நிறை ஃப்ளைவீலை கிரைண்டிங் செய்யவே கூடாது.

சொந்தமாகச் செய்யலாமா?

கியர் பாக்ஸின் எடை 40 கிலோவுக்குக் குறையாது. நாலு சக்கர இழுவை வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேரும். கியர் பாக்ஸ் ஜாக்கி, நான்கு உறுதியான ஸ்டாண்டுகள், டார்க் ரென்ச், நீண்ட எக்ஸ்டென்ஷன், இன்னொரு ஆள் இவையில்லாமல் தொடங்க வேண்டாம். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்திப் படுப்பது உயிரோடு விளையாடுவது. செங்கல் சொல்லாமல் நொறுங்கும். மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ், ஏர் எடுப்பது இவை வரை வீட்டிலேயே செய்யலாம். கியர் பாக்ஸை இறக்குவதற்குப் பட்டறைதான் பலருக்கும் சரி. அப்போதும் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே கீழுள்ளதும்.

இறக்கும்போது

முதலில் பேட்டரி நெகட்டிவ். ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சில் இரு பக்கமும் பெயின்டால் குறி போடுங்கள், அதே நிலையில் மாட்டாவிட்டால் அதிர்வு வரும். ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நேராகச் சொருகும் வகை என்றால் முன்னதாகவே கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். உள்ளிருந்து கியர் லீவர், கீழிருந்து ரிவர்ஸ் லைட் ஸ்விட்ச், ஸ்பீடு சென்சார் வயர்கள், ஸ்டார்ட்டர் மோட்டார், சைலன்சர் பிராக்கெட். ஸ்லேவ் சிலிண்டரை பைப்பைக் கழற்றாமல் அப்படியே அவிழ்த்துக் கம்பியால் கட்டி வையுங்கள். ஏர் எடுக்கும் வேலை மிச்சம். அதன்பின் யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறிக்கும்.

என்ஜின் பின்பக்கம் சாயாமல் சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். மேல் பக்க ஹவுசிங் போல்ட்களுக்குத்தான் நீண்ட எக்ஸ்டென்ஷன். போல்ட்கள் வெவ்வேறு நீளம் என்பதால் அட்டையில் துளையிட்டு வரிசைப்படி சொருகி வையுங்கள். எல்லாம் கழன்றபின் கியர் பாக்ஸை நேர்கோட்டில் பின்னால் இழுக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும்வரை எடை பிளேட்டில் தொங்கக் கூடாது.

ஹவுசிங்குக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள். பழைய ஃபேசிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

திறந்ததும் பார்க்க வேண்டியவை

பழைய பிளேட்டை எறியும் முன் படியுங்கள். எந்தக் காரணத்தால் போனதென்று அதில் எழுதியிருக்கும். ரிவெட் தலைக்கு மேல் ஃபேசிங் 0.3 மி.மீ. அளவுக்கு வந்து, இரு பக்கமும் சீராகத் தேய்ந்திருந்தால் ஆயுள் முடிந்து போனது. ஃபேசிங் தடிமனாகவே இருந்து கறுத்துக் கருகியிருந்தால் ஓட்டும் முறையோ, அதிக லோடோ, ஃப்ரீ பிளே இல்லாததோ காரணம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிதைப் போட்டால் அதுவும் அப்படியே கருகும். ஒரு ஓரத்தில் மட்டும் ஆயில் கறை என்றால் சீல். ஹப்பைச் சுற்றி விரிசல் இருந்தால், போன முறை மாட்டும்போது கியர் பாக்ஸைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

டயஃப்ரம் ஃபிங்கர் நுனிகளில் பேரிங் போட்ட தடம் 0.6 மி.மீ. ஆழத்துக்கு மேல் இருந்தாலும், ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தாலும் அந்த பிரஷர் பிளேட் கழிவு. பைலட் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் மாற்றுங்கள். அது இறுகியிருந்தால் கிளட்ச் நன்றாகக் கட் ஆனாலும் ஷாஃப்டை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரிலீஸ் பேரிங் ஓடும் ஸ்லீவில் பள்ளம் விழுந்திருக்கிறதா? புது பேரிங்கும் அங்கே சிக்கும். என்ஜின் முகத்தில் இரண்டு டவல் பின்கள் (கியர் பாக்ஸை மையத்தில் நிறுத்தும் முளைகள்) இருக்கின்றனவா என்று கட்டாயம் எண்ணுங்கள். முந்தைய வேலையில் தொலைந்துபோன ஒரு டவலால் கியர் பாக்ஸ் மையம் விலகி, ஒவ்வொரு செட்டாகத் தின்னும்.

மாட்டும்போது

புது பிரஷர் பிளேட்டிலும் ஃப்ளைவீலிலும் துருத்தடுப்பு எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்து, பிறகு முகத்தைக் கையால் தொடாதீர்கள். பிளேட்டை முதலில் வெறுமனே இன்புட் ஷாஃப்டில் சொருகிப் பாருங்கள், தடையில்லாமல் வழுக்க வேண்டும். ஸ்ப்ளைனில் அதிவெப்பம் தாங்கும் கிரீஸ் விரல் நுனி அளவு தடவி, பிளேட்டை ஏற்றி இறக்கி, பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுழற்சியில் தெறித்து ஃபேசிங்கில் படும்.

பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் என்று அச்சிட்டிருக்கும் முகம் என்ஜினைப் பார்க்க வேண்டும். எழுத்தில்லை என்றால், ஸ்பிரிங்கும் ஹப்பும் அதிகம் துருத்தும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸை நோக்கும். பழையதைக் கழற்றும்போதே போட்டோ எடுத்து வைத்தால் சந்தேகமே வராது. திருப்பி மாட்டினால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் இடித்து கிளட்ச் கட் ஆகாது. அதைச் சரிசெய்ய முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

டம்மி ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்டுக்குப் பதிலாகச் சொருகும் கருவி) வைத்து மையம் பார்த்து, பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் கவர் வளைந்து உதறும். 8 மி.மீ. போல்ட் என்றால் பல வண்டிகளில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான். ஃப்ளைவீல் போல்ட்களுக்கு மேனுவல் எண்ணையே பாருங்கள். சில மாடல்களில் அவை ஒரு முறைக்கே. துளை என்ஜினுக்குள் திறந்திருந்தால் மரையில் லாக் பசையும் வேண்டும், இல்லாவிட்டால் அந்த வழியே ஆயில் வரும்.

கியர் பாக்ஸைத் தூக்கி நேர்மட்டமாக முன்னே தள்ளுங்கள். நுழையவில்லை என்றால் டாப் கியரில் வைத்துப் பின் ஷாஃப்டைச் சற்றே திருப்பித் தள்ளுங்கள். கடைசி இடைவெளியைப் போல்ட் போட்டு இழுத்து மூடக் கூடாது. ஹவுசிங் காது உடையும், பிளேட் ஹப் வளையும். கையாலேயே முகத்தோடு முகம் சேர்ந்தபின்தான் போல்ட்.

ஏற்றி முடித்ததும்

கியர் ஆயிலை நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடலைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக மிதித்து ரிலீஸ் பேரிங்கை உட்கார வைத்து, ரிவர்ஸ் சோதனையைச் செய்யுங்கள். புது செட்டில் கட் ஆகவில்லை என்றால் முதலில் ஏர் எடுங்கள், பிறகு புஷ் ராடு நகர்வை அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தும் கட் ஆகவில்லை என்றால் பிளேட் திரும்பியிருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. புது செட் ஸ்லிப் ஆனால் ஃப்ரீ பிளே, பின்பு கிரீஸ், கடைசியாகத் தப்பான பிளேட்.

முதல் 500 கி.மீ. வரை முழு லோடும் மலை ஏற்றமும் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் புதுக் கிளட்சோடு காய்கறி மூட்டை ஏற்றிப் போனால் ஃபேசிங் படியும் முன்பே கண்ணாடிபோல் மினுக்கிவிடும். மேட்டில் நிற்கும்போது பாதிக் கிளட்சில் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். லோடு வண்டியை எப்போதும் முதல் கியரிலேயே எடுங்கள். 500 கி.மீ. ஆனதும் ஒரு முறை கீழே புகுந்து ஹவுசிங் துளையில் விரல் வைத்து ஈரம் பாருங்கள். ஸ்லேவ் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சு போல்ட்களையும் கியர் பாக்ஸ் மவுன்ட் போல்ட்களையும் டார்க் ரென்ச்சால் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.